தேய்ந்த பல்லை அளப்பது எப்படி

கடலூரிலிருந்து சிதம்பரம் நோக்கிச் செல்லும் ரயில் பாதையில், ஆலப்பாக்கத்தை எட்டும் முன்பே செம்மங்குப்பம் வந்துவிடும். ஒருபக்கம் சிப்காட் தொழிற்பேட்டை, மறுபக்கம் வயலும் தோப்பும். 2025 ஜூலை 8 அன்று அங்குள்ள ரயில்வே கேட்டில் பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகு இந்தப் பெயரைக் கேட்டால் அந்தக் காலை ஒன்றே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. எங்களுக்கு அதற்கும் முந்தைய ஒரு நினைவு உண்டு. இந்தக் கட்டுரை அங்கிருந்து தொடங்குகிறது.

2023 ஜூன் இரண்டாம் வாரம். நண்பர் ஒருவரின் உறவினர் விசைப்படகு வைத்திருந்தார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பதெல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் நடக்கும். சாஃப்ட்டின் ஒரு முனையில் மரை வெட்ட வேண்டியிருந்தது. மற்ற வேலைகள் எல்லாம் முடிந்துவிட்டன. செம்மங்குப்பத்துப் பக்கம் இருந்த ஒரு லேத் பட்டறையில் அதைக் கொடுத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால் சாஃப்ட் லேத்தின் மேலேயே கிடக்கிறது, லேத் நிற்கிறது. மரை வெட்டும்போது மாட்ட வேண்டிய சேஞ்ச் கியர்களில் ஒன்றில், நாற்பது பல் சக்கரத்தில், இரண்டு பற்கள் உடைந்துவிட்டன.

அது பழைய ஆங்கிலேய லேத். படிப்படியான கப்பிகளில் தோல் பட்டை ஓடும் வகை. பெயர்த்தகடு எப்போதோ கழன்று போய்விட்டது. உற்பத்தி செய்த கம்பெனி எது என்பது பட்டறைக்காரருக்கே தெரியாது. எழுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்த அவரிடம் எங்களில் ஒருவர், புதிய கியர் ஒன்றை வாங்கிப் போட்டுவிடக்கூடாதா என்று கேட்டுவிட்டார்.

"புதுசா வாங்கிப் போடுங்கன்னு சொல்றவங்க யாரும், எங்க வாங்கறதுன்னு சொல்ல மாட்டேங்கறாங்க தம்பி" என்றார் அவர்.

எங்க வாங்கறது என்ற அந்தக் கேள்விக்கு இந்தக் கடற்கரையில் ஏறக்குறைய இருநூறு ஆண்டு வயது. அவர் உடைந்த பற்களை எப்படிச் சரிசெய்தார் என்பதைப் பிறகு சொல்கிறோம். முதலில் கேள்வியின் வரலாறு.

கடலூருக்குத் தெற்கே பரங்கிப்பேட்டையில் 1830ஆம் ஆண்டு ஓர் இரும்பாலை எழுந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் இருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் அதை நிறுவினார். சேலத்து இரும்புத்தாது, காட்டு மரக்கரி, ஆங்கில முறை ஊதுலை என்பது அவரது கணக்கு. கம்பெனி அரசு முன்பணமும் கொடுத்தது. அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. அது திறந்தது 1869இல். இங்கிலாந்திலிருந்து ஓர் எந்திர உறுப்பு வர வேண்டுமானால் கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வரவேண்டும். கடிதம் போகச் சில மாதங்கள், பொருள் வரச் சில மாதங்கள். ஹீத்துக்கு ஆலையில் வெற்றி கிட்டவில்லை. இங்கிலாந்து திரும்பிய அவர் 1839இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகுக்காரர்கள் அதனால் பெரும் பொருள் ஈட்டினார்கள். அவரோ வழக்காடியே ஓய்ந்து 1851இல் இறந்தார். 1853இல் புதிய கம்பெனி ஒன்று பரங்கிப்பேட்டை ஆலையை ஏற்று நடத்திப் பார்த்தது. அதுவும் நிலைக்கவில்லை. ஆலையின் தோல்விக்கு எரிபொருள் பற்றாக்குறை, நிர்வாகச் செலவு என்று காரணங்கள் பல சொல்லப்படுவதுண்டு. எந்திரத்தைக் கொண்டு வந்தவர்கள் எந்திரத்தை உண்டாக்கும் எந்திரங்களைக் கொண்டு வரவில்லை என்பதையும் அவற்றோடு சேர்க்க வேண்டும் என்பது எங்கள் எண்ணம். நெசவுக்கும் சாயத்துக்கும் உப்புக்கும் பழகிய கடற்கரை அது. அடுத்த ஊரில் ஒரு லேத் கிடையாது.

அந்த நிலையை மாற்றியது ரயில். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே 1861இல் தஞ்சாவூருக்கு ரயில் விட்டது. பிற்பாடு அதுவே தென்னிந்திய ரயில்வே ஆனது. 1870களின் இறுதியில் கடலூர், சிதம்பரம் வழியாக மீட்டர் கேஜ் பாதையும் வந்து சேர்ந்தது. பாதையோடு பட்டறையும் வந்தது. நாகப்பட்டினம் பணிமனையில் எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய கைகள் பெரும்பாலும் உள்ளூர்க் கைகள். கொல்லர், தச்சர், கன்னார் குடும்பங்களில் இருந்து வந்தவர்கள் பிட்டர், டர்னர், மோல்டர், பேட்டன் மேக்கர் என்று புதிய பெயர்களைப் பெற்றார்கள். இந்தச் சொற்கள் இன்றும் பட்டறைகளில் அப்படியே புழங்குகின்றன. தமிழாக்கி எழுதினால் பட்டறைக்காரருக்கே புரியாது என்பதால் நாங்களும் அப்படியே விட்டுவிட்டோம்.

1928ஆம் ஆண்டை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நாகப்பட்டினம் பணிமனையைத் திருச்சிக்கு அருகே பொன்மலைக்கு மாற்றிப் பெரிதாக அமைத்த கம்பெனி, கூடவே ஆள்குறைப்பையும் அறிவித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை போகும் என்ற நிலை. யார் இருப்பது, யார் போவது என்று முடிவு செய்யத் தொழில் தேர்வு வைப்பார்களாம். இருபது முப்பது ஆண்டுகளாக அரம் பிடித்த கைக்குத் தேர்வு. தொழிலாளர்கள் மறுத்தார்கள். ஜூலை மாதம் பொது வேலைநிறுத்தம் வெடித்தது. சிங்காரவேலர் உள்ளிட்ட தலைவர்கள் கைதாகித் தண்டனை பெற்றார்கள். வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. தொழிற்சங்க வரலாறு எழுதியவர்கள் இதைக் கூலிப் போராட்டமாகவும் ஆள்குறைப்புக்கு எதிரான போராட்டமாகவும் பதிவு செய்திருக்கிறார்கள், அது சரியே. எங்களுக்கு அதில் வேறொன்றும் தென்படுகிறது. பழுது பார்க்கும் திறனைத் தேர்வுத்தாளில் எப்படி அளப்பது என்ற கேள்வி அது. புதிய உறுப்பைச் செய்வதற்கு வரைபடம் உண்டு, அளவு உண்டு, சரி தவறு உண்டு. தேய்ந்த உறுப்பைக் காப்பாற்றுவதற்கு அப்படி எதுவும் கிடையாது.

வேலை இழந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதை யாரும் முழுமையாக எழுதி வைக்கவில்லை. நெல்லிக்குப்பம் போன்ற சர்க்கரை ஆலை ஊர்களுக்கும், நெசவாலைகளுக்கும், பஸ் கம்பெனிகளுக்கும் இந்தக் கைத்திறன் தேவைப்பட்ட காலம் அது என்று மட்டும் சொல்லலாம்.

இரண்டாம் உலகப் போர் அந்தத் தேவையைப் பன்மடங்கு ஆக்கியது. பைக்காரா நீர்மின்சாரம் 1930களின் தொடக்கத்தில் வந்த பிறகு கோயம்புத்தூரில் நூற்பாலைகள் பெருகியிருந்தன. எந்திரங்கள் எல்லாம் லங்காஷயரில் செய்தவை. போர் வந்ததும் லங்காஷயர் பட்டறைகள் வெடிகுண்டு செய்யப் போய்விட்டன. கப்பலில் இடம் கிடையாது. உதிரி பாகம் வருவது நின்றது. ஆலையோ ஓடியாக வேண்டும். கோயம்புத்தூரின் வார்ப்படப் பட்டறைகள் அப்போது கற்றுக்கொண்டதை வைத்துத்தான் பின்னாளில் பம்பு செட்டும் நெசவு எந்திரமும் செய்தன. அதற்கு முன்பே, 1937இல், ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் பீளமேட்டில் மின்மோட்டார் செய்து காட்டியிருந்தார்கள். பாலசுந்தரத்தின் டெக்ஸ்டூல் நிறுவனம் 1940களில் நெசவாலை எந்திர வேலைகளில் இறங்கியது. மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தார் பெட்ரோல் இல்லாத பஸ்களுக்குக் கரியில் இருந்து வாயு எடுத்து ஓட்டும் கருவி செய்து பொருத்தினார்கள். அந்தக் காலத்து பஸ் பயணத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டவர்களுக்கு, பின்புறம் அடுப்பு கட்டிக்கொண்டு மூச்சு வாங்கி ஏறும் அந்த வண்டி நினைவிருக்கும்.

கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே இதற்கொரு பெரிய உதாரணம் நெய்வேலி. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் லிக்னைட் கண்ணில் பட்டது. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் மேல்மண்ணை அகற்றுவதிலேயே போயின. அதற்கென ஜெர்மனியிலிருந்து வந்தவை சக்கர வாளி எந்திரங்கள்: பெரிய சக்கரம் ஒன்றின் விளிம்பில் வாளிகள், வாளியின் உதட்டில் எஃகுப் பற்கள். ஜெர்மனியில் அவை தோண்டிப் பழகியது மென்மையான மண். இங்கே இருந்ததோ கடலூர் மணற்கல். புவியியலாளர்கள் இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கும் அந்தக் கல்லுக்குள் குவார்ட்ஸ் மணி மணியாகக் கிடக்கும். எஃகை அரம் போல ராவிவிடும். பற்கள் வேகமாகத் தேய்ந்தன. நாட்டில் அப்போது அந்நியச் செலாவணி நெருக்கடி. ஒவ்வொரு இறக்குமதிக்கும் உரிமம். தேய்ந்த பல்லின் மேல் கடினமான உலோகத்தைப் பற்றவைத்து ஏற்றி மறுபடி மாட்டுவது, மாட்டியது தேயும் முன்பே அடுத்த வரிசையைத் தயார் செய்வது என்று பணிமனை ஓயாமல் இயங்க வேண்டியதாயிற்று. கடினமான அடுக்குகளை முன்கூட்டி வெடி வைத்துத் தளர்த்தும் வழக்கமும் வந்தது. அங்கே எந்திரம் நின்றால் நட்டம் பணத்தோடு முடியாது. லிக்னைட் படுகைக்குக் கீழே ஊற்று நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவு பகலாகப் பம்பு வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் இருக்கும். பம்பின் ஒரு தாங்கி உடைந்து, மாற்று இல்லையென்றால், அடுத்த கப்பல் வரும்வரை நீர் காத்திருக்காது.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பொன்மலைக்குத் திரும்புகிறோம். பழுது பார்ப்பது எங்கே முடிகிறது, புதிதாகச் செய்வது எங்கே தொடங்குகிறது என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல சான்று எங்களுக்குத் தெரியவில்லை.

நீலகிரி மலை ரயில் 1899 ஜூனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கி, 1908இல் உதகையை எட்டியது. ஏறக்குறைய 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 குகைகள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம். வெறும் சக்கரம் அந்த ஏற்றத்தில் வழுக்கும். எனவே தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டு பற்சட்டங்கள் அருகருகே, ஒன்றின் பல் மற்றதன் பள்ளத்துக்கு நேராக வருமாறு பதிக்கப்பட்டுள்ளன. ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறை. எஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரங்கள் இவற்றைப் பற்றிக்கொண்டு ஏறும். எந்நேரமும் ஒரு பல்லாவது பிடியில் இருக்கும்.

முதலில் வந்தவை மான்செஸ்டர் பேயர் பீகாக் எஞ்சின்கள். பின்பு ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து எஸ்.எல்.எம். தொழிற்சாலை எக்ஸ் வகை எஞ்சின்களை அனுப்பியது. 1914 முதல் 1925 வரை பன்னிரண்டு, 1952இல் ஐந்து, மொத்தம் பதினேழு. இவற்றின் அமைப்பு விசித்திரமானது. நான்கு சிலிண்டர்கள். உயரழுத்தச் சிலிண்டர்கள் இரண்டும் சாதாரணச் சக்கரங்களை ஓட்டும். பற்சட்டப் பகுதி வந்ததும் அவற்றிலிருந்து வெளியேறும் நீராவியை வீணாக்காமல் தாழ்வழுத்தச் சிலிண்டர்கள் இரண்டுக்கும் திருப்பிவிடுவார்கள்; அவை பல்சக்கரங்களைச் சுழற்றும். ஆக ஓர் எஞ்சினுக்குள் இரண்டு எஞ்சின். பழுதாவதற்கும் இரண்டு மடங்கு இடம்.

எஸ்.எல்.எம். செய்த கடைசி நீராவி எஞ்சின்களுள் அந்த 1952ஆம் ஆண்டு எஞ்சின்களும் அடங்கும். உலகம் மின்சாரத்துக்கும் டீசலுக்கும் மாறிவிட்டது. 1992இல் அந்நிறுவனம் புதிய எண்ணெய் எரிப்பு மலை எஞ்சின்கள் சிலவற்றைச் செய்து பார்த்தது உண்மைதான். 1990களின் இறுதியில் நிறுவனமே பிரித்து விற்கப்பட்டது. நீலகிரி எஞ்சின்களுக்கு உதிரி பாகம் கேட்டுக் கடிதம் எழுத ஒரு முகவரிகூட இல்லை. குன்னூர் ஷெட்டில் அன்றாடப் பழுது பார்ப்பார்கள். பெரிய பிரிப்பு வேலைக்கு எஞ்சின் மலையிறங்கிப் பொன்மலைக்கு வரும். அங்கே ஒவ்வோர் உறுப்பாகச் சொந்தமாகச் செய்துகொண்டார்கள்.

அதன் கடினம் வெளியில் இருப்பவர்களுக்கு எளிதில் விளங்காது. எழுபது ஆண்டு ஓடிய ஓர் உறுப்பைப் பார்த்து அதே போல் இன்னொன்று செய்தால், அதன் தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுத்துவிடுகிறோம். தேய்ந்ததை அளந்து, தேயாதபோது அது எவ்வளவு இருந்திருக்கும் என்று ஊகித்தாக வேண்டும். எங்கே தேய்ந்திருக்காது என்று தேடுவார்கள்: போல்ட் தலைக்கு அடியில் மறைந்த பரப்பு, எண்ணெய்க் கசடு மூடிய மூலை, எதிர் உறுப்பு தொடாத விளிம்பு. அங்கே பழைய அளவு உயிரோடு இருக்கும். அடுத்தது வார்ப்பு. உருகிய இரும்பு ஆறும்போது ஓரடிக்கு எட்டில் ஓர் அங்குலம் சுருங்கும். எனவே பேட்டன் மேக்கர் கையில் இருக்கும் அளவுகோலே பொய்யானது; அதில் ஓரடி என்பது ஓரடிக்கும் கொஞ்சம் அதிகம். அந்தப் பொய் அளவுகோலால் மரத்தில் அச்சு செய்தால்தான் இரும்பு மெய்யான அளவில் கிடைக்கும். இதற்கு மேல் பொருத்தம். புதிய பல்சக்கரத்தைத் தேய்ந்த பற்சட்டத்தின் மேல் ஓட்டினால் இரண்டும் ஒன்றையொன்று தின்னும். பல ஆண்டுகள் சேர்ந்தே தேய்ந்தவை ஒன்றுக்கொன்று பழகியவை. புதியது அங்கே அந்நியன்.

தரமான நிலக்கரி கிடைப்பதும் அரிதாகவே, 2000களில் எஞ்சின்களை எண்ணெய் எரிப்புக்கு மாற்றத் தொடங்கினார்கள். 2005இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் சேர்ந்ததால் பழைய கொதிகலன் இளமை அடைந்துவிடாது. ஒவ்வோர் உறுப்பாகச் செய்து பழகிய பொன்மலை ஒருநாள் முழு எஞ்சினையே செய்யத் துணிந்தது. 2011 முதல் 2014 வரை எண்ணெயில் ஓடும் புதிய எக்ஸ் வகை எஞ்சின்கள் நான்கு அங்கிருந்து வெளிவந்தன. 2021 ஆகஸ்டில் நிலக்கரியில் ஓடும் ஒன்றும் வந்தது. விண்டர்தூர் மறந்துவிட்ட எஞ்சினைப் பொன்மலை நினைவில் வைத்திருந்தது.

இதோடு ஒப்பிட வியட்நாம் கதை ஒன்று உண்டு. டாலாட் மலைக்கும் இதே போன்ற பற்சட்டப் பாதை, இதே எஸ்.எல்.எம். எஞ்சின்கள். போரில் பாதை நின்றது. தண்டவாளம் வேறிடத்துக்குப் போயிற்று. எஞ்சின்கள் துருவேறிக் கிடந்தன. 1990இல் சுவிஸ் ரயில் ஆர்வலர்கள் தேடிவந்து அவற்றை விலைக்கு வாங்கிக் கப்பலேற்றித் தாய்நாட்டுக்கே கொண்டுபோனார்கள். ஃபுர்கா மலைப்பாதையில் பல பத்தாண்டுகள் உழைத்து அவற்றை உயிர்ப்பித்தார்கள். போற்றத்தக்க உழைப்புதான். ஆனாலும் டாலாட்டுக்கு அவை திரும்பப்போவதில்லை. நீலகிரியில் அப்படி நேராமல் போனதற்கு, வண்டி ஒருநாளும் முழுதாக நின்றுபோகவில்லை என்பதும் காரணம். ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினை விற்க யாருக்கும் மனம் வராது.

எங்கள் நண்பர் ஒருவர் இங்கே குறுக்கிட்டார்: உறுப்புகளை எல்லாம் மாற்றிவிட்டு, கடைசியில் புதிதாகவே செய்துவிட்டு, அதைப் பாரம்பரியம் என்று சொல்லலாமா? நியாயமான கேள்வி. சென்னைப் பெரம்பூரில் பழுது பார்க்கப்பட்ட, 1855ஆம் ஆண்டின் ஃபேரி குவீன் எஞ்சினையும் அவர் சேர்த்துக்கொண்டார். 1997இல் மறுபடி ஓடவிட்டு, கின்னஸ் புத்தகத்தில் இடம்பிடித்த அந்த எஞ்சினின் உறுப்புகளை 2011இல் யாரோ திருடிச் சென்றார்கள். அதை மீண்டும் பெரம்பூருக்குக் கொண்டுவந்து, போன உறுப்புகளைப் புதிதாகச் செய்து பூட்டினார்கள். 2017இல் அது திரும்ப ஓடிற்று. அருங்காட்சியகக்காரர்கள் மூலப்பொருளைத் தேடுவார்கள். பட்டறைக்காரர்களுக்கு எஞ்சின் என்பது ஓட்டம். எங்களுக்குள் இது முடிவாகவில்லை. ஒன்றை மட்டும் எல்லாரும் ஒப்புக்கொண்டோம்: எஞ்சினை விடவும் அதைச் செய்யத் தெரிந்த கைகள் தொடர்ந்து வந்திருப்பது அரிது.

இன்னொரு மண்ணிலும் இந்தக் கேள்வி கடுமையாகக் கேட்கப்பட்டது. 1990 ஜூனில் மறுபடி போர் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. எரிபொருள், மின்கலம், சைக்கிள் உதிரி பாகம் வரை தடைப் பட்டியலில் இருந்தன. பழைய கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெட்ரோலைச் சிறு போத்தலில் இருந்து பீய்ச்சுவார்கள், சூடானதும் மண்ணெண்ணெய். சைக்கிள் டைனமோவை மிதித்து வானொலி கேட்டார்கள். ஜாம் போத்தலில் திரியிட்டுச் சிக்கன விளக்கு செய்து பிள்ளைகள் படித்தார்கள். செய்தித்தாள் காகிதம் இல்லாதபோது உதயன் நாளிதழ் பள்ளிக்கூடக் கோடு போட்ட தாளில் அச்சாகி வந்தது. அச்சு எந்திரமும் அந்நாளில் எப்படியோ ஓடியிருக்கிறது. அதை ஓட வைத்தவர்களைப் பற்றி யாரேனும் விரிவாக எழுதினால் நாங்கள் ஆவலோடு படிப்போம். கோயம்புத்தூரில் பஞ்சம் தொழிலாக மாறியது. யாழ்ப்பாணத்தில் அப்படி மாற இடமே கொடுக்கப்படவில்லை. தட்டுப்பாடு கண்டுபிடிப்பின் தாய் என்று மேடையில் முழங்குபவர்கள் இந்த இரண்டாவதையும் எண்ணிப் பார்ப்பது நல்லது.

செம்மங்குப்பத்துப் பட்டறைக்கு வருவோம்.

அந்தப் பெரியவர் முதலில் செய்தது அளவெடுப்பு. பற்கள் நாற்பது. வெளிவிட்டம் வெர்னியரில் ஐந்தேகால் அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி, அதை விட்டத்தால் வகுத்தால் பல்லின் இனம் தெரியும் என்றார். நாற்பத்திரண்டை ஐந்தேகாலால் வகுத்தால் மிகச் சரியாக எட்டு. "எட்டாம் நம்பர் பல்லு. தேஞ்சதுதான் அந்தக் குறைச்சல்" என்று விளக்கினார். மெட்ரிக் பல்லாக இருந்தால் இந்தக் கணக்கு முழு எண்ணில் வந்து நிற்காதாம். நம் நாட்டில் மெட்ரிக் அளவைச் சட்டம் 1956இலேயே வந்துவிட்டது. விட்வொர்த் 1841இல் வகுத்த மரையும் அங்குலப் பல்லும் பழைய எந்திரங்களுக்குள் இன்னும் குடியிருக்கின்றன.

அந்த லேத்தின் லீட் ஸ்க்ரூ அங்குலத்துக்கு நான்கு மரை. சாஃப்ட்டுக்கு வேண்டியது எட்டு. லீட் ஸ்க்ரூ பாதி வேகத்தில் சுற்ற நாற்பதும் எண்பதும் மாட்டியாக வேண்டும். வேறு இரட்டை அமையாதா என்று கேட்டோம். இருபதும் நாற்பதும் போடலாம், ஆனால் அதிலும் நாற்பது வருகிறது. முப்பதும் அறுபதும் போடலாமென்றால் அறுபது பல் சக்கரம் இரண்டு ஆண்டுக்கு முன்பே பழைய இரும்புக்குப் போய்விட்டது. யார் போட்டார்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பட்டறையின் பின்பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

உடைந்த இடத்தை அரத்தால் சமப்படுத்தினார். ஒவ்வொரு பல்லின் அடியிலும் வரிசையாக மூன்று துளை போட்டு, டேப் அடித்து, எஃகுத் திருகாணிகளை இறுக்கினார். வார்ப்பிரும்பு திடீர்ச் சூட்டில் வெடிக்கும் என்பதால் சக்கரம் முழுவதையும் கரியடுப்பில் மெல்லச் சூடேற்றிய பிறகே கேஸ் வைத்துப் பித்தளையை உருக்கித் திருகாணிகளைச் சுற்றி நிரப்பினார். பிறகு சாம்பல் குவியலுக்குள் புதைத்துவிட்டார். அடுத்த நாள் காலைவரை அதை யாரும் தொடக்கூடாது. படகுக்காரர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்தார். பெரியவர் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

மறுநாள் முழுக்க அரம்தான். பக்கத்துப் பற்களின் இடைவெளிக்குப் பொருந்துமாறு தகரத்தில் ஓர் அச்சு வெட்டி, அதை வைத்து வைத்துப் பார்த்து ராவினார். நல்ல பற்களும் தேய்ந்திருந்தன அல்லவா, எந்த அளவுக்கு ராவுவது என்று கேட்டோம். பக்கத்துப் பல் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படி, என்றார். எட்டாம் நம்பர் கணக்கு புதுச் சக்கரம் வெட்டும்போது வேண்டும். இது பழைய கூட்டத்தோடு போக வேண்டியது. பொன்மலையைப் பற்றி மேலே நாங்கள் எழுதியதை, அதைப் படிப்பதற்கு முன்பே இங்கே ஒருவர் எங்களுக்குச் சொல்லிவிட்டார். அவர் தொழில் கற்றது ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பிட்டரிடம் என்பது பின்னர் பேச்சுவாக்கில் வெளிவந்தது.

ஜூன் 13 மாலை சாஃப்ட்டின் மரை வெட்டி முடிந்தது. பித்தளைப் பற்கள் இரண்டும் கரிய சக்கரத்தில் தங்கப்பல் கட்டியது போல் பளபளத்தன. அடுத்த நாள் நள்ளிரவில் தடைக்காலம் முடிந்தது.

சில மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பட்டறையில் நுழைந்தோம். அதே நாற்பது பல் சக்கரம்தான் ஓடிக்கொண்டிருந்தது. மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். உதவிக்கு இருந்த ஐ.டி.ஐ. பையனும் சிப்காட்டில் ஒப்பந்த வேலை கிடைத்துப் போய்விட்டான். இரண்டு பேர் வந்து லேத்தை எடைக்கு விலை கேட்டுவிட்டுப் போனார்களாம். சுவரில் ஆணியடித்து வட்டமான ஒரு மர அச்சு தொங்கிக்கொண்டிருந்தது. அறுபது பல் சக்கரத்துக்கான பேட்டன். ஓய்ந்த நேரத்தில் செய்தது என்றார். விட்டம் கேட்டோம். அறுபதோடு இரண்டைக் கூட்டி எட்டால் வகுக்கச் சொன்னார். ஏழேமுக்கால் அங்குலம் என்றோம். மர அச்சைக் கழற்றிக் கையில் கொடுத்து அளக்கச் சொன்னார். அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது.